தோளில் இல்லாத பறவை

"தோள்ல உட்கார்ந்திருக்கிற பறவை முதற்கொண்டு அப்படியே தூக்கியிருக்கான் மேடம்!"

கேம் முதலாளி மேஜையைக் குத்திய குத்தில் காலிக் கோப்பை ஒன்று துள்ளி உட்கார்ந்தது. ரேடியோ அதை எடுத்து ஓரமாக வைத்தான். வாடிக்கையாளர் கோபப்படும் இடங்களில் உடையக்கூடியதை நகர்த்தி வைப்பது அவனுடைய முதல் வேலை. இரண்டாவது வேலை, மேடம் பேசாத நேரங்களில் பேசுவது. அந்த வேலைதான் அதிகம். அதனாலேயே அவனுக்கு அந்தப் பெயர்.

மேடம் பேசவில்லை. துப்பறியும் தொழில்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் அமுக்குணி. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தன.

முதலாளி, கம்பெனி என்றெல்லாம் சொன்னாலும் அது ஒரு வீட்டின் முன்னறைதான். சுவரோரம் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் அவர் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறார். இன்னொன்றில் அவர் மனைவி விளம்பரமும் விளையாடுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதிலும் எழுதுகிறாள். படம் வரைவது அவருடைய சொந்தத் தங்கை. இரண்டு தெரு தள்ளி மாடியறையில் இருக்கிறாள். மூன்று பேரும் சேர்ந்து வருஷக்கணக்கில் உருட்டிய கேமின் பெயர் 'கடைசி லாந்தர்'. தண்ணீர் புகுந்த சுரங்கத்துக்குள் ஒரு பெண் விளக்கோடு தனியாக இறங்கிப் போகிறாள். இந்த வாரம் ஆன்லைன் கடையில் வெளியாக வேண்டும்.

ஆனால் அதே கடையில் வேறொரு கம்பெனியின் கேம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதன் முகப்புப் படத்தில் சுரங்கம், லாந்தரோடு ஒரு பெண், அவள் தோளில் ஒரு வெள்ளை ஆந்தை.

"உங்க படம் எங்கே?" என்றாள் மேடம்.

முதலாளி திரையின் மூலையில் தபால்தலை அளவு படம் ஒன்றைக் காட்டினார். "கடையில வரிசையா கேம் அடுக்கியிருப்பான்ல, அதுல வர்ற சைஸ் இது. இது மட்டும்தான் என்கிட்ட இருக்கு. பெரிய படம் தங்கச்சி மெஷின்ல. அதுக்கு நெட் கனெக்‌ஷனே கிடையாது. லீக் ஆகக் கூடாதுன்னு நான் போட்ட சட்டம்."

"இந்தச் சின்னதை வேற யாராவது பாத்தாங்களா?"

"யாரும் இல்ல."

சொல்லும்போது அவர் பார்வை ஒரு தடவை மனைவி பக்கம் போய்த் திரும்பியது. ரேடியோ அதை மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டான்.

"நீங்களே யோசிங்க மேடம். தபால்தலையை வெச்சிக்கிட்டு எவனாவது சுவரளவு படம் போட முடியுமா? பெரிய படம் வேணும். அது இருந்தது ஒரே இடத்துல. அவதான் வித்திருக்கா."

"சொந்தத் தங்கச்சிதானே சார்?" என்றான் ரேடியோ. "இல்ல, கேமுக்காக வாடகைக்கு எடுத்ததா?"

முதலாளி முறைத்தார். அவர் மனைவி நாற்காலியைத் திருப்பினாள்.

"நாத்தனாரைப் பத்தி நான் சொன்னா பொறாமைன்னுதான் தோணும்" என்றாள். "ஆனா கண்ணால பாத்ததைச் சொல்லாம இருக்க முடியல. அந்தக் கம்பெனியிலிருந்து அவளுக்கு வேலைக்குக் கூப்பிட்டு மெயில் வந்திருக்கு. அவ போன்ல பாத்தேன். எங்ககிட்ட மூச்சு விடல."

"போன் தானா திறந்து காட்டுச்சா மேடம்?" என்று கேட்டான் ரேடியோ.

"திறந்திருந்தது."

"நல்ல போன்."

முதலாளி குறுக்கே வந்தார். "ரெண்டு கேமுக்கும் ஒரே மாதிரி படம் இருக்கு, உங்களுதுன்னு நிரூபிங்கன்னு கடைக்காரன் கேட்டிருக்கான். சாயங்காலத்துக்குள்ள பதில் போகலேன்னா வெளியீட்டை நிறுத்திடுவான். நான் பதில் எழுதியே வெச்சிட்டேன். எங்க ஓவியர் ரெண்டு பக்கமும் வித்துட்டாங்க, அவங்க பேரை கேம்லேர்ந்து எடுத்துட்டோம், வேற படம் போடுறோம்னு. கூட உங்க அறிக்கை ஒண்ணு வேணும். விசாரிச்சோம், அவதான்னு."

"வேற படம் இருக்கா?" என்றாள் மேடம்.

முதலாளியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நானே ஒண்ணு பண்ணி வெச்சிருக்கேன்."

மேடம் எழுந்தாள். வாசல்வரை வந்து நின்று, திரையில் இருந்த அந்தத் தபால்தலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

*

தெருவில் நடக்கும்போது ரேடியோ தன் கணக்கை ஒப்பித்தான்.

"அண்ணிதான் மேடம். நாத்தனார் போனைப் படிக்கிறவ நாத்தனார் படத்தை விக்க மாட்டாளா? அதோட, 'யாரும் பாக்கல'ன்னு சொல்லும்போது மனுஷன் பொண்டாட்டியைத்தான் பாத்தார்."

மேடம் பதில் சொல்லவில்லை. அவளுடைய மௌனங்களை ரேடியோ ரகம் பிரித்து வைத்திருந்தான். 'நீ சொல்வது சரி' என்ற மௌனம் ஒன்று. 'உளறாதே' என்ற மௌனம் ஒன்று. இது மூன்றாவது ரகம். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு அடி தொடும் சத்தத்துக்காகக் காத்திருப்பது.

மாடிப்படி ஏறி, பாதி திறந்திருந்த கதவைத் தள்ளியபோது, உள்ளே இருந்த பெண் சட்டென்று ஒரு துணியை இழுத்துத் திரையை மூடினாள்.

ரேடியோவின் கணக்கு அந்த நொடியே கட்சி மாறியது.

"அண்ணன் அனுப்பினாரா?" என்றாள். முப்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு பையில் துணிமணி பாதி அடுக்கியிருந்தது.

"ஊருக்கா?" என்றான் ரேடியோ, பையைப் பார்த்து.

"பேரை எடுத்தப்புறம் இங்கே என்ன வேலை?"

எதிர்ச் சுவரில் தபால்தலை அளவில் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஏதேதோ கேம்களின் முகப்புப் படங்கள். நடுவில் லாந்தர்க்காரி. கதவோரம் தரையில் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டிருந்தது.

"இது என்னங்க, இதைத் தாண்டினா அவுட்டா?"

"அங்கே நின்னு பாக்கணும். கடையில ஜனங்க படத்தை நின்னு ரசிக்க மாட்டாங்க. விரலால தள்ளிக்கிட்டே போவாங்க. அந்த ஒரு கண் வீச்சுல என்ன தெரியுதோ அதுதான் முகப்புப் படம். நீங்க நின்ன உடனே எது கண்ணுல பட்டுது?"

"லாந்தர்."

"அது போதும்" என்றாள். முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்து போனது.

ரேடியோ விடவில்லை. போனில் எதிரிக் கம்பெனியின் படத்தைத் திறந்து நீட்டினான். "இதைப் பாருங்க. ரெண்டு படத்துலயும் வலது பக்கம் கீழ் மூலை காலியா இருக்கு. ஒரே கை வரைஞ்ச மாதிரி இல்ல?"

"அந்த மூலையிலதான் கடைக்காரன் தள்ளுபடிச் சீட்டை ஒட்டுவான். முகத்தை அங்கே வெச்சா மூக்கு மேல 'பாதி விலை'ன்னு விழும். இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாரும் அதைக் காலியாத்தான் விடுவாங்க."

ரேடியோ போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். "சரி. அவங்க வேலைக்குக் கூப்பிட்டதை ஏன் மறைச்சீங்க?"

"மறைக்கல. முடியாதுன்னு எழுதிட்டேன். முடிஞ்ச விஷயத்தை எதுக்கு சொல்லணும்? அண்ணன் ஏற்கனவே சரியாத் தூங்கறதில்ல."

சந்தேகப்படுகிறவன் காதுக்கு நல்ல பதில்களே மோசமான பதில்கள். இவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறாளே என்று ரேடியோ நினைத்துக்கொண்டான்.

"பெரிய படத்தைக் காட்டு" என்றாள் மேடம். அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

பெண் தயங்கினாள். அந்தத் தயக்கத்தையும் ரேடியோ முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டான். பிறகு துணியை விலக்கினாள்.

இருட்டான சுரங்கம். இடுப்பளவு தண்ணீர். ஒரு பெண் லாந்தரைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி முன்னால் பார்க்கிறாள். விளக்கின் ஒளி அவள் கழுத்தோரம் பறக்கும் முடியிலும் சட்டைக் காலரிலும் பட்டு வெள்ளையாகச் சிதறியிருந்தது.

ரேடியோ இரண்டு தடவை பார்த்தான். "பறவை எங்கே?"

"எந்தப் பறவை?"

"தோள்ல. ஆந்தை."

"அது அவங்க படத்துல. எங்க கேம்ல பறவையே கிடையாது. சுரங்கத்துக்குள்ள பறவைக்கு என்ன வேலை?"

மேடம் திரைக்குக் கிட்டே போனாள். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, லாந்தரின் கண்ணாடிக் கூண்டையே பார்த்தாள். பெண் அவசரமாக, "அங்கே ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். மேடம் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு சாக்பீஸ் கோட்டுக்குப் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடி இல்லாமல் மேடத்துக்கு எதிரில் யானை வந்தாலும் சாம்பல் நிறச் சுவர் மாதிரிதான் தெரியும். அப்படிப்பட்டவள் கண்ணைச் சுருக்கி, சுவரில் இருந்த தபால்தலையை ரொம்ப நேரம் பார்த்தாள். ரேடியோவுக்கு வாய் அரித்தது. அடக்கிக்கொண்டான்.

"இப்ப எனக்கும் பறவை தெரியுது" என்றாள்.

ஓவியக்காரி ஓடிப் போய் அவள் பக்கத்தில் நின்று கண்ணை இடுக்கினாள். முகம் மாறியது. "ஐயையோ. அது முடி மேல விழற வெளிச்சம் மேடம். சின்னதாக்கும்போது பொண்ணு இருட்டோட ஒட்டிக்கக் கூடாதுன்னு நான்தான் அதைத் தடிமனாக்கினேன். பறவை மாதிரிதான் இருக்கு. யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன். யார்கிட்டயும் காட்டக் கூடாதுன்னு அண்ணன் சட்டம்."

"சின்னதாக்கும்போது வேற எதை மாத்தினே?"

"விரல். பெரிசுல அஞ்சு விரலும் தெரியும். அதையே சுருக்கினா பிசைஞ்ச மாவு மாதிரி ஆயிடும். அதனால தடிமனா மூணு விரல் மட்டும் போட்டேன்."

மேடம் ரேடியோவைப் பார்த்தாள். அவன் போனைத் திறந்து எதிரியின் படத்தைப் பெரிதாக்கினான். லாந்தரைப் பிடித்திருந்த கையில் விரல்களை எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"மூணு" என்றான். வேறு எதுவும் சேர்க்கத் தோன்றவில்லை.

"பெரிய படத்தை பென் டிரைவ்ல போட்டு எடுத்துக்கிட்டு வா" என்றாள் மேடம் பெண்ணிடம். "அந்தப் பை இங்கேயே இருக்கட்டும்."

*

தங்கையைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்றார். அண்ணி எழவில்லை. பென் டிரைவை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு தங்கை கதவோரமே நின்றாள்.

"ஒத்துக்கிட்டாளா மேடம்?" என்றார் முதலாளி.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவுக்குத் தலையசைத்தாள். இந்த மாதிரிச் சமயங்களில் அவள் சாவியை முறுக்கிவிடுவாள்; ஓடுவது அவன்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்தான். "பெரிய படத்தைத் திருடினவனுக்கு எதுக்கு ரெண்டு விரல் குறையுது?"

"என்ன விரல்?"

"உங்க தங்கச்சியோட பெரிய படத்துல அஞ்சு விரல். சின்னதுல மூணு. திருடன் படத்துல மூணு. பெரிய படத்துல பறவை இல்ல. சின்னதைக் கண்ணைச் சுருக்கிப் பாத்தா வெளிச்சம் பறவை மாதிரி தெரியுது. திருடன் அதுக்கு மூக்கு, கண்ணு எல்லாம் வெச்சு ஆந்தையாவே ஆக்கிட்டான். பாவம், தபால்தலையைப் பாத்துப் பாத்து சுவரளவு வரைஞ்சிருக்கான். பெரிய படத்தை அவன் கண்ணால பாக்கவே இல்ல சார்."

அண்ணி முதல் தடவையாக நாத்தனாரை நேராகப் பார்த்தாள்.

"சின்னது கடையில ஏத்தி வெச்சதுதான்" என்றார் முதலாளி. "வெளியீடு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அங்கேர்ந்து போயிருக்கலாம். கடைக்காரன் ஆளுங்க யாராவது..."

"இருக்கலாம்" என்றாள் மேடம்.

பிறகு ஒரு நீண்ட மௌனம். யாராவது ஏதாவது பேச மாட்டார்களா என்று முதலாளி தவிப்பதை ரேடியோ பார்த்தான். அவனே பேசிவிடுவான் போலிருந்தது. மேடத்தின் செருப்பு நுனி அவன் காலை லேசாக மிதித்தது.

"படத்தைப் பாத்தவங்க எல்லாருமே பறவைன்னுதான் சொன்னாங்களா?" என்றாள், பேச்சோடு பேச்சாக.

"எல்லாரும் இல்ல மேடம், ஒரு நாலஞ்சு பேர்தான்..."

நின்றுவிட்டார். சொன்ன வார்த்தையைக் காற்றிலிருந்து திரும்பப் பிடிக்கப் பார்ப்பவர் மாதிரி கை பாதி எழுந்து நின்றது.

"யாருங்க அந்த நாலஞ்சு பேர்?" என்றாள் மனைவி.

முதலாளி காலிக் கோப்பையை இடம் மாற்றி வைத்தார்.

"ஏங்க, உங்களைத்தான். யாரும் பாக்கலேன்னீங்க. என்கிட்டகூட காட்டலையே!"

'யாரும் பார்க்கவில்லை' என்று சொன்னபோது இந்த மனுஷன் ஏன் மனைவியைப் பார்த்தார் என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவளைச் சந்தேகித்து அல்ல. அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து.

முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். கேம் செய்பவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று திரையில் திறந்தது. அதில் அவரே ஏதோ ஒரு பொய்ப் பெயரில், ரொம்ப நாளைக்கு முன்னால் போட்ட பதிவு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தபால்தலைப் படங்கள். மேலே ஒரு வரி: 'கடையில பாத்தா இதுல எதை க்ளிக் பண்ணுவீங்க?'

இடப்பக்கம் லாந்தர்க்காரி. வலப்பக்கம் இருந்ததை யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதில் லாந்தர்க்காரி இருந்தாள், சுரங்க ரயில் இருந்தது, பூதங்கள் இருந்தன, பூதங்களின் குட்டிகள் இருந்தன, கேமின் பெயர் மூன்று நிறத்தில் இருந்தது.

"குடும்ப குரூப் போட்டோவா சார்?" என்றான் ரேடியோ. "யாரும் விட்டுப்போகலையே."

"அது நான் பண்ணது" என்றார் முதலாளி. "அத்தனை நாள் கஷ்டப்பட்டு அத்தனை பூதம் எழுதியிருக்கேன். முகப்புல ஒண்ணுகூட இல்லேன்னா எப்படி? இவகிட்ட சொன்னா கேக்க மாட்டா. நாலு வெளியாள் சொன்னா கேப்பாள்னு போட்டேன்."

"எத்தனை பேர் சொன்னாங்க?" என்றாள் மேடம்.

"இவ படத்துக்கு... நாப்பது சொச்சம்."

"உங்களுதுக்கு?"

"ஒண்ணு."

"அது யாரு?"

முதலாளி திரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "நான்தான்" என்றார்.

ரேடியோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "அதுக்காகத்தான் சொல்லாம இருந்தீங்களா? தோத்துப் போனது தெரியக் கூடாதுன்னு, அவ பேர்ல பழியைப் போட்டீங்களா? நானும் அதை நம்பிக்கிட்டு..." அவள் முடிக்கவில்லை. முடித்தால் போன் விஷயத்துக்கு வரவேண்டியிருக்கும்.

"தபால்தலையை வெச்சு வரைய முடியும்னு சத்தியமா நினைக்கலடி" என்றார் முதலாளி.

தங்கை கதவோரத்திலிருந்து திரைக்கு வந்து கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். 'லாந்தர் பிரமாதம்.' 'தோள்ல இருக்கிறது புறாவா?' 'பறவை அழகு, ஆனா சுரங்கத்துல எப்படி?'

"சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன்ணா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் முதலாளிக்குத் தாங்கவில்லை.

மேடம் எழுந்தாள். "இங்கேர்ந்துதான் அவன் எடுத்திருக்கான். இந்தப் பதிவோட தேதி அவன் கேமுக்கு முன்னாடி. இதையும், அஞ்சு விரல் இருக்கிற பெரிய படத்தையும் சேர்த்துக் கடைக்காரனுக்கு அனுப்புங்க. வேற சாட்சி வேண்டாம். அவன் ஆந்தையே அவனைக் காட்டிக் குடுக்கும்."

முதலாளி மவுஸை நகர்த்தினார். தயங்கினார். "என் படம் இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டிட்டு அனுப்பலாமா மேடம்?"

"வெட்டின சாட்சியை யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் வெட்டவில்லை. முன்பே எழுதி வைத்திருந்த பதிலை முழுசாக அழித்தார். புதிதாக எழுதினார். 'படம் வரைந்தவர்' என்று தொடங்கித் தங்கையின் பெயரைத் தட்டும்போது விரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் விழுந்தது. பிறகு கையைப் பின்னால் நீட்டினார், பென் டிரைவுக்காக.

தங்கை கொடுக்கவில்லை.

"அண்ணா, நம்ம படத்துல பறவை இருக்குன்னே இத்தனை நாளா நினைச்சிக்கிட்டு இருந்தியா?"

அவர் திரும்பவில்லை.

"அப்படின்னா பெரிய படத்தை நீ ஒரு தடவைகூடப் பாக்கல."

மறுபடியும் மௌனம். இந்தத் தடவை அது மேடத்துடையது அல்ல.

அவளே குனிந்து பென் டிரைவைச் சொருகினாள். திரை முழுக்க அந்தச் சுரங்கம் திறந்தது. முதலாளி தண்ணீரைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், இல்லாத பறவையின் இடத்தைப் பார்த்தார்.

"லாந்தர் கண்ணாடியைப் பாருங்க" என்றாள் மேடம், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே. "கிட்டே போய்."

அவர் குனிந்தார். விளக்குக் கூண்டின் வளைந்த கண்ணாடியில், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வரும் ஓர் ஆளின் பிம்பம் விழுந்திருந்தது. ஒரு தோள் சற்றே இறங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வளைந்த முதுகோடு.

அதே தோளோடு, அதே கழுத்தோடு, அதே முதுகோடு முதலாளி திரை முன்னால் குனிந்திருந்தார்.

"இது... யாரு?" என்றார்.

"இல்லாத பறவை தெரிஞ்சுதே" என்றாள் தங்கை. "இது தெரியலையா?"